முதல் கிளாஸ் எந்த வயதில்? குடியும் வளரும் மூளையும்: சேலத்துப் பெற்றோரும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகள்

சேலத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு இருபது வருடங்களுக்கு மேலாக விலங்கியல் எடுக்கிறேன். நரம்பு மண்டலப் பாடம் வரும்போதெல்லாம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை தயங்கித் தயங்கி உயரும். "டீச்சர், சரக்கு அடிச்சா மூளை செல் செத்துடுமா?" வகுப்பே சிரிக்கும். கேட்டவன் மட்டும் சிரிக்க மாட்டான். பெற்றோர் கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு, தூணோரம் காத்து நிற்கும் ஒரு அம்மாவோ அப்பாவோ அதையே வேறு வார்த்தைகளில் கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லிவந்த பதில்களையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரிடம் போயே ஆக வேண்டிய இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

"எப்படியும் ஒரு நாள் குடிக்கத்தான் போறான். அது பதினஞ்சுல ஆனா என்ன, இருபதுல ஆனா என்னங்க டீச்சர்?"

நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அமெரிக்காவில் 1992-ல் நடந்த ஒரு பெரிய கணக்கெடுப்பில், குடிப்பவர்களும் முன்பு குடித்தவர்களுமாக 27,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரம் கிடைத்தது. முதன்முதலில் குடித்தது எந்த வயதில் என்பதும் அதில் ஒரு கேள்வி. பிரிட்ஜெட் கிராண்ட், டெபோரா டாசன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அதை அலசி 1997-ல் வெளியிட்டார்கள். 15 வயதுக்கு முன்பே தொடங்கியவர்களில் நூற்றுக்கு 40 பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையாகியிருந்தார்கள். 20 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் நூற்றுக்குச் சுமார் 10 பேர்தான். தொடங்கும் வயது ஒவ்வொரு வருடம் தள்ளிப்போகப் போக, அடிமையாகும் வாய்ப்பு 14 சதவீதம் குறைந்துகொண்டே வந்தது. பிறகு வேறொரு கணக்கெடுப்பை வைத்து ரால்ஃப் ஹிங்சன் குழுவினர் 2006-ல் வெளியிட்டதும் இதே கதைதான்: 14-க்கு முன் தொடங்கியவர்களில் 47 சதவீதம், 21 வயதிலோ அதற்குப் பிறகோ தொடங்கியவர்களில் 9 சதவீதம்.

இந்த எண்களில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த 14 சதவீதம்தான். "வாழ்நாள் முழுக்கத் தொடாதே" என்று பதினாறு வயதுப் பையனிடம் சொன்னால் காதிலேயே வாங்க மாட்டான். "இந்த வருஷம் வேண்டாம்" என்றால் கொஞ்சம் கேட்பான். அடுத்த வருடமும் அதையே சொல்லலாம். அப்படித் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அவன் கணக்கில் வரவாகச் சேருகிறது.

"18 ஆனா ஓட்டே போடுறான். அப்புறம் என்ன சின்னப் பையன்?"

உயரம் நின்றுவிடும், மீசை வந்துவிடும். மூளை முதிர்ந்து முடிய இருபதுகளின் நடுப்பகுதி ஆகும். எல்லாப் பகுதியும் ஒரே நேரத்தில் முதிர்வதும் இல்லை. ஆசை, கிளுகிளுப்பு, "இன்னொரு தடவை" என்று தூண்டும் பகுதிகள் முந்திக்கொள்கின்றன. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி, அதாவது யோசித்து முடிவெடுத்து "வேண்டாம், நிறுத்து" என்று சொல்கிற பகுதி, கடைசியாகத்தான் வந்து சேருகிறது.

ஏற்காட்டுப் பிள்ளைகளுக்கு நான் இதைக் கவாத்தை வைத்துத்தான் விளக்குவேன். காபித் தோட்டத்தில் அறுவடை முடிந்ததும் கவாத்து வெட்டுவார்கள். எந்தக் கிளை நிற்க வேண்டும், எந்தக் குச்சி போக வேண்டும் என்று செடியைச் சுற்றிவந்து பார்த்து வெட்டினால்தான் அடுத்த வருடம் காய் பிடிக்கும். விடலைப் பருவத்தில் மூளைக்குள்ளும் இது நடக்கிறது. சின்ன வயதில் நரம்பு செல்களுக்கு நடுவே தேவைக்கு அதிகமாகவே இணைப்புகள் உருவாகியிருக்கும். பயன்படாதவை கழிக்கப்படும், பயன்படுபவை கெட்டிப்படும். கூடவே, செம்புக் கம்பிக்கு மேலே பிளாஸ்டிக் உறை போடுகிற மாதிரி, நீண்ட நரம்பிழைகளின் மேல் மயலின் என்ற கொழுப்பு உறை படிகிறது. உறை படிந்த நரம்பில் செய்தி பல மடங்கு வேகமாக ஓடும்.

இந்தக் கவாத்து நடக்கிற வருடங்களில் மது உள்ளே போனால், எதை வைப்பது எதைக் கழிப்பது என்ற வேலையே தடுமாறுகிறது. அமெரிக்காவில் 12 முதல் 21 வயது வரையிலான 800-க்கும் மேற்பட்டவர்களை வருடாவருடம் ஸ்கேன் எடுத்துப் பின்தொடர்கிறார்கள். அதில், நிறையக் குடிக்கத் தொடங்கிய பிள்ளைகளுக்கு மூளை முன்பகுதியில் நரம்பு செல்கள் நிறைந்த சாம்பல் நிறப் பகுதி இருக்க வேண்டிய வேகத்தைவிட வேகமாக மெலிந்திருந்தது. மயலின் உறை படிந்த நரம்பிழைகளால் ஆன வெள்ளைப் பகுதியின் வளர்ச்சியும் மந்தப்பட்டிருந்தது.

"என் பையன் நாலு பியர் குடிச்சாலும் தள்ளாட மாட்டான். அவனுக்குத் தாங்குற உடம்புங்க."

ஒரு அப்பா இதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பெரியவர்களுக்குக் குடித்தால் தூக்கம் வரும், கால் பின்னும், வாய் குழறும். "போதும்" என்று உடம்பு சொல்கிற விதம் அது. விடலை வயதில் அந்த மணி தாமதமாகத்தான் அடிக்கிறது. எலிகளில் செய்த சோதனைகளில் இது தெளிவாகவே தெரிந்தது. அதே அளவு மதுவுக்கு இளம் எலிகள் வளர்ந்த எலிகளைப் போல மயங்கவில்லை, அவ்வளவாகத் தடுமாறவும் இல்லை. ஆனால் வழியை நினைவில் வைத்துக்கொள்வதில் வளர்ந்தவற்றைவிட மோசமாகத் தோற்றன. அதாவது கால் நிதானமாக நிற்கிறது, ஞாபகம் விழுந்துவிடுகிறது. கால் நிற்பதால் பிள்ளை இன்னொரு கிளாஸ் ஊற்றுகிறான்.

இன்னொன்றும் உண்டு. மார்க் ஷக்கிட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், இருபது வயதையொட்டிய இளைஞர்களுக்கு அளவாக மது கொடுத்துப் பார்த்து, பிறகு பல வருடங்கள் அவர்களைப் பின்தொடர்ந்தார். குடிநோயாளிகளின் மகன்களும் அவர்களில் இருந்தார்கள். குறைவாகப் போதை ஏறியவர்கள்தான் பின்னாளில் அதிகமாகக் குடிநோய்க்கு ஆளானார்கள். ஆகவே "தாங்குற உடம்பு" என்பதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

"அன்னிக்கு நடந்தது ஒண்ணுமே ஞாபகம் இல்லைங்கிறான். பொய்தானே?"

இதற்கு ஒரு காபித்தூள் பொட்டலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒரு வருடம் பிளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு என் மாணவர்கள் ஆறு பேர் மூன்று பைக்கில் ஏற்காடு போனார்கள். வயதில் மூத்த ஒருவரை வைத்து ஸ்ட்ராங் பியர் வாங்கியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஒரு பையனின் அம்மா பள்ளிக்கு வந்தார். பையிலிருந்து அரைக் கிலோ காபித்தூள் பொட்டலம் ஒன்றை எடுத்து என் மேஜை மேல் வைத்தார். ஓரம் மடித்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தது. "இதை இவன்தான் வாங்கிட்டு வந்தான் டீச்சர். அடிவாரத்துல இருந்து போன் பண்ணி, 'அம்மா, உனக்கு காபித்தூள் வாங்கியிருக்கேன்'னு சொன்னான். காலைல எந்திரிச்சு, 'இது ஏதும்மா, யார் கொண்டாந்தது'ன்னு கேக்கறான்."

பையன் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். ஏரிக்கரையில் பஜ்ஜி சாப்பிட்டது அவனுக்கு ஞாபகம் இருந்தது. அதற்குப் பிறகு மறுநாள் காலை வீட்டு மின்விசிறிதான். நடுவில் கடைக்குப் போய்ப் பேரம் பேசி, காசு கொடுத்து, மீதி வாங்கி, நண்பனைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தானே ஓட்டி இறங்கியிருக்கிறான். ஒரு வளைவுகூட ஞாபகத்தில் இல்லை.

அவன் பொய் சொல்லவில்லை. மூளையின் உள்பக்கம் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி, காதுக்கு நேர் உள்ளே இரண்டு பக்கமும் உண்டு. கண்ணில் பட்டதை, காதில் விழுந்ததை நிலையான நினைவாக மாற்றி எழுதிவைப்பது அதன் வேலை. ரத்தத்தில் மது கிடுகிடுவென்று ஏறினால், அதுவும் வெறும் வயிற்றில், அந்த எழுத்து நின்றுபோகும். பேச்சும் நடையும் வண்டி ஓட்டுவதும் மூளையின் வேறு பகுதிகளின் வேலை என்பதால் அவை தொடரும். பார்ப்பவர்களுக்கு ஆள் சாதாரணமாகத்தான் தெரிவான். மயங்கி விழுவது வேறு, இது வேறு. எழுதப்படாத நினைவு பிறகு எவ்வளவு யோசித்தாலும் திரும்ப வராது. ஒரே ஒரு முறை இப்படி ஆகியிருந்தாலும் அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதிலேயே நிறையக் குடித்துப் பழகியவர்களுக்கு இந்த ஹிப்போகேம்பஸே அளவில் சிறுத்திருந்ததை ஸ்கேன்களில் பார்த்திருக்கிறார்கள்.

"பியர்தானே டீச்சர், அதுல என்ன இருக்கு?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். 650 மில்லி ஸ்ட்ராங் பியரில் 8 சதவீதம் ஆல்கஹால் என்றால், ஒரு பாட்டிலில் 52 மில்லி சுத்த ஆல்கஹால். பிராந்தி, விஸ்கி எல்லாம் நம் ஊரில் 42.8 சதவீதம். 90 மில்லி "கட்டிங்" ஒன்றில் 38.5 மில்லி. ஆக ஒரு முழு ஸ்ட்ராங் பியர் ஒரு கட்டிங்கைவிட அதிகம். மூளைக்குப் போவது அதே எத்தனால்தான், பாட்டில் நிறம் அதற்குத் தெரியாது. கள்ளும் அப்படித்தான். பாளையிலிருந்து வடியும் சாற்றில் இருக்கும் சர்க்கரை புளித்துத்தான் அது கள்ளாகிறது.

"குளிருக்குக் கொஞ்சம் போட்டா சூடாத்தானே இருக்கும்?"

இல்லை. மது தோலுக்கு அடியில் இருக்கும் ரத்தக் குழாய்களை விரிக்கிறது, அதனால் தோல் சூடாவது போல இருக்கும். அந்த வழியாகவே உடம்பின் உள்சூடு வெளியே போய்விடும். டிசம்பர் பனியில் மலைமேல் இது ஆபத்து.

"வெளியில திருட்டுத்தனமா குடிக்கறதுக்கு, வீட்டுலயே நாமளே கொஞ்சம் குடுத்துப் பழக்கினா அளவோட இருப்பான் இல்லைங்களா?"

நல்ல எண்ணத்தில் கேட்கப்படும் கேள்வி, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 1,927 பிள்ளைகளை 12 வயதையொட்டித் தொடங்கி ஆறு வருடங்கள் பின்தொடர்ந்து 2018-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பெற்றோரே கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. பெற்றோர் கொடுத்த பிள்ளைகள்தான் அடுத்த வருடமே வெளியிலும் வாங்கிக் குடிக்க அதிகம் வாய்ப்பிருந்தது. "வீட்டில் கொடுத்தால் வெளியில் தேட மாட்டான்" என்ற நம்பிக்கை அங்கே தலைகீழானது.

நம் பக்கத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. முனியப்பன் கோவிலுக்குக் கிடா வெட்டிப் படையல் போடும்போது சாராயமும் சுருட்டும் வைப்பார்கள். படையல் எடுத்த பிறகு, "சாமிக்கு வச்சதுதான், ஒரு வாய் குடி" என்று மாமாவோ சித்தப்பாவோ பையன் கையில் டம்ளரைக் கொடுத்துவிடுவார். எத்தனையோ பேரின் முதல் வாய் அங்கேதான் நடந்திருக்கிறது. சாமிக்கு வைப்பதை நான் குறை சொல்லவில்லை. பிள்ளைக்குத் திருநீறு பூசி, கறிச்சோறு போட்டு அனுப்புங்கள். மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

"பெண் பிள்ளைகளுக்கும் இதேதானா?"

இதேதான், இன்னும் சீக்கிரமாக. பெண் உடம்பில் நீரின் அளவு ஒப்பீட்டில் குறைவு. அதனால் அதே கிளாஸுக்கு ரத்தத்தில் மது அதிகம் ஏறும்.

"அவங்க அப்பா குடிகாரர். இவனுக்கும் ரத்தத்துலயே இருக்குமா?"

இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாக்களின் முகங்கள் எனக்கு மறக்காது. உள்ளதைச் சொல்கிறேன். குடிநோய் வருவதில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய பாதி என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகள் காட்டுகின்றன. மீதிப் பாதி வீடு, தெரு, நண்பர்கள், கையில் சரக்கு கிடைக்கும் வயது.

இங்கே ஆய்வாளர்களிடையே ஒரு விவாதமும் இருக்கிறது. சின்ன வயதில் தொடங்குவதால் அடிமையாகிறார்களா, இல்லை அடிமையாகும் சுபாவம் உள்ளவர்கள்தான் சின்ன வயதிலேயே தொடங்குகிறார்களா? அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இரட்டையர்களை வைத்து 1999-ல் வெளியான ஆய்வு ஒன்று இரண்டாவதுதான் முக்கியம் என்று வாதிட்டது. ஆனால் எலிகளுக்குச் சுபாவம், நண்பர்கள் என்று காரணம் சொல்ல முடியாது. விடலைப் பருவத்தில் விட்டு விட்டு மது கொடுக்கப்பட்ட எலிகளுக்கு, வளர்ந்த பிறகும், மது நிறுத்தப்பட்ட பிறகும், ஹிப்போகேம்பஸில் புது நரம்பு செல்கள் உருவாவது குறைந்தே இருந்தது. இரண்டிலும் உண்மை இருக்கிறது என்பது என் புரிதல். அப்பா குடித்த வீட்டில் மரபணுவை மாற்ற முடியாது, தொடங்கும் வயதை மாற்ற முடியும். அந்தப் பிள்ளைக்குத்தான் தள்ளிப்போடுவது எல்லாரையும்விட அவசியம்.

"ஏற்கெனவே ஆரம்பிச்சுட்டான். போனது போனதுதானா?"

இல்லவே இல்லை. எந்த மூளைக்குக் காயம் எளிதில் படுகிறதோ, அதே இளம் மூளைக்குத்தான் தேறும் சக்தியும் அதிகம். நிறுத்திய சில வாரங்களிலேயே கவனமும் ஞாபகமும் மேம்படத் தொடங்கும். எல்லாம் பழையபடி ஆகுமா என்பது எவ்வளவு, எத்தனை வருடம் என்பதைப் பொறுத்தது.

இரண்டு விஷயங்களில் மட்டும் அவசரப்படாதீர்கள். தினமும் குடித்துப் பழகி, காலையில் கை நடுங்குகிற நிலைக்கு வந்துவிட்டவர்களை வீட்டிலேயே பூட்டிவைத்து ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், மனம் பிறழ்ந்து பிதற்றலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவமனையில் வைத்து, மருந்தும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமென்றால் போதை மீட்புக்கு 14446, மனநல ஆலோசனைக்கு 14416.

இரண்டாவது, "அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலக்கலாம்" என்று பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் மருந்துகள். மதுவோடு சேர்ந்தால் வாந்தி, படபடப்பு வரவழைக்கும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது. சாப்பிடுபவருக்குத் தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் கலந்து, அவர் வெளியே போய்க் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து இதயம்வரை பாதிக்கும். பிள்ளைக்கு அப்படி எதையும் கலக்காதீர்கள்.

"சட்டம் என்ன சொல்லுது?"

தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மது கொடுப்பது, விற்கவோ எடுத்துவரவோ பிள்ளையைப் பயன்படுத்துவது, இரண்டுமே 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கக் கூடிய குற்றங்கள். அப்படி நடப்பதைப் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லலாம்.

நம் ஊருக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவரும் ஆன ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. அந்த வருமான இழப்பை ஈடுகட்டத்தான் 1939-ல் விற்பனை வரியே வந்தது. இன்றைக்கு டாஸ்மாக் இருக்கிறது, கடையை மூடுவது நம் கையில் இல்லை. நம் வீட்டுப் பிள்ளை எந்த வயதில் அந்தக் கடை வாசலுக்குப் போகிறான் என்பதில் நமக்கு இன்னும் கொஞ்சம் பிடி இருக்கிறது.

"ஃபிரண்டு மட்டையாயிட்டான். நாங்க என்ன செய்யணும் டீச்சர்?" (இதைக் கேட்டவர்கள் மாணவர்கள்)

தனியாக விடாதீர்கள். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, போர்வையால் மூடுங்கள். தட்டிக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலமாகிறது, உடம்பு சில்லிட்டுப்போகிறது, வலிப்பு வருகிறது, இவற்றில் எது நடந்தாலும் 108. தலையில் தண்ணீர் ஊற்றுவது, மோர் கொடுப்பது, கடுங்காபி கொடுப்பது எதுவும் மதுவை இறக்காது. கல்லீரல் அதன் வேகத்தில்தான் இறக்கும். மயங்கியவன் வாயில் எதையும் ஊற்றவே கூடாது. பைக்கில் நடுவில் உட்கார வைத்து மலையிறக்கப் பார்க்காதீர்கள். வீட்டில் திட்டுவார்கள் என்ற பயத்தில் ஒரு மணி நேரம் தாமதித்தால் அவன் உயிர் போகலாம். என்னை வேண்டுமானால் கூப்பிடுங்கள், திட்ட மாட்டேன்.

"அந்த காபித்தூள் பையன் என்ன ஆனான்?"

கோயம்புத்தூரில் இரண்டாம் வருடம் படிக்கிறான். பொங்கலுக்கு வந்தபோது வீட்டுக்கு வந்து பார்த்தான். ஹாஸ்டலில் அறைத் தோழர்கள் வற்புறுத்தினால், "மஞ்சள் காமாலைக்கு மாத்திரை சாப்பிடறேன்" என்று சொல்லிவிடுகிறானாம். அதற்கு மேல் யாரும் கட்டாயப்படுத்துவதில்லையாம். "இருபத்தொண்ணு வரைக்கும் தொடமாட்டேன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன் டீச்சர். அதுக்கப்புறம் எப்படின்னு இப்ப சொல்லத் தெரியலை" என்றான். சரி என்றேன். அவனுக்கு இப்போது பத்தொன்பது நடக்கிறது.